டைட்டானியம் உடம்பு, முதிய மூளை

காண்டாக்ஸ் டி2 என்று ஒரு கேமரா. 1990-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. எடை 295 கிராம். ஜூம் கிடையாது, எடுத்த படத்தைப் பார்க்கத் திரை கிடையாது, 36 படம் எடுத்தால் ரோல் தீர்ந்துவிடும். இதைச் செகண்ட் ஹேண்டில் வாங்கப் போனால் ஆயிரம் டாலரை ஒட்டி விலை சொல்கிறார்கள். அந்தப் பணத்துக்கு நல்ல டிஜிட்டல் கேமராவே பெட்டி பிரிக்காமல் கிடைக்கும். அப்படியும் இதற்கு ஏன் இத்தனை கிராக்கி? வாங்கினால் எப்படிப் புழங்குவது? முதலில், வாங்கத்தான் வேண்டுமா?

எண்பதுகளில் கேமரா கடைக்குப் போனவருக்கு முன்னால் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று, கழுத்தை இழுக்கும் எஸ்எல்ஆர். இன்னொன்று, கல்யாணத்துக்கும் சுற்றுலாவுக்கும் எடுத்துப்போகிற பிளாஸ்டிக் ஆட்டோமேட்டிக் கேமரா. பட்டனை அழுத்தினால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்; ஆனால் பல மாடல்களில் லென்ஸ் சுமார்தான். வேலைக்கு எஸ்எல்ஆர் தூக்குகிற புகைப்படக்காரர், வேலை இல்லாத நாளில் பையில் போட்டுக்கொள்ள ஒன்று தேடினால் இரண்டுமே ஒத்துவராது. அந்த இடைவெளியைப் பார்த்து 1984-இல் கியோசெரா நிறுவனம் காண்டாக்ஸ் டி-யைக் கொண்டுவந்தது. வடிவமைப்பு போர்ஷே டிசைன், லென்ஸ் கார்ல் சைஸ். போகஸைக் கையால் வைக்க வேண்டும். ஆறு வருடம் கழித்து வந்த டி2-வில் ஆட்டோபோகஸ் சேர்ந்தது, உடம்பு டைட்டானியம் ஆனது. விலை 1,20,000 யென். சின்னக் கேமராவுக்கு இது கொழுத்த விலைதான். ஆனால் அப்போது ஜப்பானில் நில விலை தாறுமாறாக ஏறி, கையில் பணம் புரண்ட காலம். வாங்க ஆள் இருந்தது.

டி2 ஓடியதும் மற்றவர்களும் இறங்கினார்கள். 1993-இல் நிக்கான் 35டிஐ, மேல்தட்டில் கடிகாரம் மாதிரி முள் காட்டும் டயலோடு. 1995-இல் லைகா மினிலக்ஸ். 1996-இல் ரிக்கோ ஜிஆர்1. அதே வருடம் மினோல்டா டிசி-1, வெறும் 185 கிராம். 2001-இல் காண்டாக்ஸ் டி3. அதற்குள் டிஜிட்டல் வந்துவிட்டது. 2005-இல் கியோசெரா காண்டாக்ஸ் கேமராக்களையே நிறுத்துவதாக அறிவித்தது. பிறகு பல வருடம் இந்தக் கேமராக்கள் பழைய கேமரா கடைகளில் சில நூறு டாலருக்குக் கிடந்தன. இன்ஸ்டாகிராம் தலைமுறை பிலிமைக் கண்டுபிடித்த பிறகுதான் விலை ஏறத் தொடங்கியது. 2017-இல் மாடல் அழகி கெண்டல் ஜென்னர் அமெரிக்க டிவியில் ஜிம்மி ஃபாலன் நிகழ்ச்சிக்கு டி2-வோடு வந்து அதைப் பற்றிப் பேச, விலை பாய்ந்தது. அந்த நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் கேமராவில் ஒரு ஸ்க்ரூகூட மாறவில்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கேமராவுக்குள் என்னதான் இருக்கிறது?

லென்ஸ்தான். எஸ்எல்ஆரில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி மேலும் கீழும் போய்வர இடம் விட வேண்டும். அதனால் அகலக் கோண லென்ஸைப் பிலிமுக்குப் பக்கத்தில் கொண்டுவர முடியாது. சுற்றி வளைத்து, பெரிதாகச் செய்ய வேண்டியிருக்கும். சின்னக் கேமராவில் அந்தக் கண்ணாடியே இல்லை. லென்ஸ் பிலிமுக்கு நெருக்கமாக உட்காரலாம், சிறியதாகவும் இருக்கலாம், தெளிவும் கெடாது. டி2-வில் இருப்பது 38 மி.மீ. சோனார், எஃப் 2.8, ஐந்து கண்ணாடித் துண்டுகள். லுட்விக் பெர்ட்டேல என்ற ஜெர்மன் வடிவமைப்பாளர் 1930-களை ஒட்டி உருவாக்கிய சோனார் குடும்பத்தின் வாரிசு. ஷட்டரும் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. ‘க்ளிக்’ என்று மெல்லிய சத்தம், அவ்வளவுதான். கண்ணாடி தட்டும் அதிர்வு இல்லாததால் வெளிச்சம் குறைந்த அறையில் 1/30 வினாடியில் கையில் பிடித்து எடுத்தாலும் படம் அசைவதில்லை.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். 1997-இல் வந்த ஒலிம்பஸ் மியூ-2 பிளாஸ்டிக் கேமரா. வந்தபோது அதன் விலை இவற்றின் பக்கத்திலேயே வராது. 35 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ். நல்ல வெயிலில் அதிலும் டி2-விலும் எடுத்த படத்தை அஞ்சலட்டை அளவில் பிரிண்ட் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எதில் எடுத்தது என்று சொல்ல நான் தயாராக இல்லை. விலை உயர்ந்த கேமராவில் நமக்குக் கிடைப்பது கட்டுப்பாடு. மியூ-2-வை மூடித் திறந்தால் ஒவ்வொரு முறையும் ஃபிளாஷ் ஆட்டோவுக்குத் திரும்பிவிடும். கோயில் பிரகாரத்தில் அமைதியாக ஒரு படம் எடுக்கப் போய், பட்டனைத் தட்ட மறந்தால் பளீரென்று அடித்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைக்கும். டி2-வில் ஃபிளாஷ் வேண்டுமென்றால் லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பி நீங்களாக அதைக் கேட்க வேண்டும், கேட்காதவரை அடிக்காது. ஜிஆர்1-லும் ஃபிளாஷுக்குத் தனி சுவிட்ச், வைத்த இடத்தில் இருக்கும். எனக்குத் தெரிந்து இந்தக் கேமராக்களின் விலையை ஓரளவாவது நியாயப்படுத்துவது இந்தச் சின்ன விஷயம்தான்.

இனி கையில் எடுத்து எடுப்பது. டி2-வின் மேல்தட்டில் ஒரு டயல். அதுவே ஆன் சுவிட்ச், அதுவே போகஸ். ஆட்டோபோகஸுக்குத் திருப்பினால் லென்ஸ் வெளியே வரும். இன்னும் திருப்பினால் கையால் தூரம் வைக்கலாம், 0.7 மீட்டர் வரை. லென்ஸ் வளையத்தில் அப்பர்ச்சர் எண்கள். 2.8-இல் வைத்தால் வெளிச்சத்துக்கு ஏற்ப அப்பர்ச்சரையும் கேமராவே பார்த்துக்கொள்ளும்; 4, 5.6, 8 என்று நீங்கள் வைத்தால் அதற்கேற்ற ஷட்டர் வேகத்தை மட்டும் அது தேடிக்கொள்ளும்.

எஸ்எல்ஆரிலிருந்தோ செல்போனிலிருந்தோ வருகிறவர்கள் முதல் ரோலில் தடுக்கி விழுவது போகஸில். வியூபைண்டர் தனி ஜன்னல். லென்ஸ் பார்ப்பதை நீங்கள் பார்ப்பதில்லை. கண்ணுக்கு எப்போதும் எல்லாமே தெளிவாகத்தான் தெரியும், போகஸ் எங்கே விழுந்தாலும். இருவர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். நடுவில் ஒரு சாண் இடைவெளி. கேமரா நடுப்புள்ளியைத்தான் அளக்கும். அந்த இடைவெளி வழியாகப் போய்ப் பின்னால் உள்ள சுவரைப் பிடித்துக்கொள்ளும். ரோல் கழுவி வந்ததும் பார்த்தால் சுண்ணாம்புச் சுவர் கண்ணாடி மாதிரித் தெளிவு, ஆட்கள் இருவரும் மங்கல். செய்ய வேண்டியது: ஒருவர் முகத்தை நடுவில் வையுங்கள், பட்டனைப் பாதி அழுத்துங்கள், பச்சை விளக்கு நிலையாக எரிகிறதா என்று பாருங்கள், விரலை எடுக்காமல் கேமராவைத் திருப்பி இருவரையும் சட்டத்துக்குள் கொண்டுவந்து மீதியை அழுத்துங்கள். எழுதப் படிக்க நீளமாக இருக்கிறது. கை பழகினால் ஒரு நொடி வேலை.

இந்தத் தலைமுறைக் கேமராக்களில் பல, அகச்சிவப்புக் கதிரை அனுப்பி அது திரும்பி வருவதை வைத்துத் தூரத்தைக் கணிப்பவை. ரயில் பெட்டியின் கண்ணாடி ஜன்னல் வழியாக மலையை எடுத்தால் கதிர் கண்ணாடியிலேயே பட்டுத் திரும்பலாம். அப்போது டயலை முடிவிலிக்குத் திருப்பிவிடுங்கள். இன்னொன்று, இடது கை விரல்கள். கேமரா சின்னது என்பதால் விரல் தானாகவே முன்பக்கத்துக்கு வந்து போகஸ் ஜன்னலையோ ஃபிளாஷையோ மூடிவிடும். வியூபைண்டரில் அது தெரியாது. அடிப்பக்கத்தையும் ஓரத்தையும் பிடிக்கப் பழக வேண்டும். கிட்டப்போய் எடுக்கும்போது சட்டமும் கொஞ்சம் இடம் மாறும்: ஜன்னல் ஒரு பக்கம், லென்ஸ் ஒரு பக்கம் இருப்பதால் ஒரு மீட்டருக்குள் வந்துவிட்டால் தலை வெட்டுப்படும். கிட்டத்துக்கென்று உள்ளே தனிக் கோடுகள் இருந்தால் அவற்றைப் பாருங்கள்.

அடுத்தது வெயில். எஃப் 2.8 என்றதும் பின்னணி மங்கலாகக் கரைந்த படங்களைக் கற்பனை செய்துகொண்டுதான் பலர் வாங்குகிறார்கள். வாங்கியதும் ஐஎஸ்ஓ 400 பிலிமைப் போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் கிளம்புகிறார்கள். கணக்கு இங்கே இடிக்கும். நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால் ஷட்டர் வேகம் ஏறக்குறைய பிலிமின் ஐஎஸ்ஓ எண்தான் என்பது பழைய புகைப்படக்காரர்களின் விதி. 400 பிலிமுக்கு எஃப் 16-இல் 1/400 வினாடி. டி2-வின் அதிகபட்ச வேகமே 1/500. ஆக, கிட்டத்தட்ட எல்லையிலேயே நிற்கிறீர்கள். எஃப் 2.8-க்குத் திறக்க வேண்டுமென்றால் 1/12,800 வேகம் தேவை. அது இந்தக் கேமராவில் இல்லை. அந்த நேரத்துக்கு ஐஎஸ்ஓ 100 பிலிம் போட்டால் எஃப் 8 வரை திறக்கலாம். மங்கிய பின்னணி வேண்டுமென்றால் மாலையில், வராந்தா நிழலில், ஆளுக்கு ஒரு மீட்டர் தூரத்துக்கு வந்து எடுங்கள். 38 மி.மீ. லென்ஸில் மூன்று மீட்டர் தள்ளி நின்றால் எஃப் 2.8-இலும் பின்னணி பெரிதாகக் கரையாது.

ஐஎஸ்ஓ எண்ணைக் கேமராவே படித்துக்கொள்கிறது. ரோலின் உலோகக் கூட்டில் கருப்பும் வெள்ளியுமாகக் கட்டங்கள் இருக்கும், டிஎக்ஸ் கோடு என்பார்கள். 1983-இல் கோடாக் கொண்டுவந்தது. கேமராவின் பிலிம் அறைக்குள் உள்ள சின்ன ஊசிகள் அந்தக் கட்டங்களைத் தொட்டு எண்ணைத் தெரிந்துகொள்கின்றன. சினிமா பிலிமை வெட்டிச் சுற்றி விற்கிற ரோல்களில் சிலவற்றில் இந்தக் கோடு இருக்காது. அப்போது பல கேமராக்கள் 100 என்று எடுத்துக்கொள்ளும். 400 பிலிமுக்கு இரண்டு படி அதிக வெளிச்சம். கலர் நெகட்டிவ் அதைத் தாங்கிக்கொள்ளும். ஸ்லைடு பிலிம் என்றால் படம் வெளுத்துப்போகும். சினிமா ரோலில் இன்னொரு தொல்லையும் உண்டு. பின்புறம் கரிப்பூச்சு உள்ளதைச் சாதாரணக் கலர் மெஷினில் விட்டால் கரி கரைந்து மருந்தையே நாசம் செய்யும். கழுவக் கொடுக்குமுன் லேபில் சொல்லிவிடுங்கள்.

ரிக்கோ ஜிஆர்1-க்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு. ரோலைப் போட்டு மூடியதும் முழு பிலிமையும் வெளியே இழுத்துச் சுற்றிக்கொண்டு, எடுக்க எடுக்க ஒவ்வொரு படமாகக் கூட்டுக்குள் திருப்பி அனுப்பும். தப்பித்தவறி நடுவில் பின்மூடியைத் திறந்துவிட்டாலும் எடுத்த படங்கள் இருட்டுக்குள் பத்திரம். கெடுவது எடுக்காத பிலிம்தான். 28 மி.மீ. லென்ஸும் மெக்னீசியம் உடம்பும் கொண்ட இந்த ஜிஆர்1 வரிசையைத்தான் ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் டைடோ மொரியாமா டோக்கியோ தெருக்களில் ஒற்றைக் கையில் வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெயருக்காகவே ஜிஆர்1 தேடுகிறவர்கள் மேலே உள்ள எல்சிடி எழுத்துகள் முழுசாகத் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். காலப்போக்கில் அவை மறைந்துபோவது இந்த மாடலின் பிரபலமான நோய்.

நோய் என்றதும் வாங்கும் விஷயத்துக்கு வந்துவிடலாம். டைட்டானியம் துருப்பிடிக்காது, லேசில் நசுங்காது. லென்ஸ் கண்ணாடி பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் நம் காலத்துக்குப் பிறகும் இருக்கும். ஆனால் இரண்டையும் இயக்குவது தொண்ணூறுகளின் சர்க்கியூட் போர்டு. லென்ஸ் குழலுக்குள் ஓடும் மெல்லிய ஃபிளெக்ஸ் கேபிள், கேமராவை ஆன் செய்யும்போதெல்லாம் மடங்கி நிமிர்கிறது. பழைய இயர்போன் ஒயர் ஒரே இடத்தில் மடங்கி மடங்கி ஒரு நாள் ஒரு காது அடங்கிப்போகுமே, அதே கதை. மினிலக்ஸில் ‘ஈ02’ என்று வரும் பிழைச் செய்தி இதனால்தான் பெயர் பெற்றது. புதிய உதிரிபாகம் கிடையாது. ஒன்றைச் சரிசெய்ய இன்னொரு செத்த கேமராவிலிருந்து பிடுங்கிப் போட வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர்களும் உலகத்தில் சிலர்தான். ஆகவே உடம்பின் பளபளப்பைப் பார்த்து விலை கொடுக்காதீர்கள். கீறல் விழுந்து, ஓரம் தேய்ந்து, ஆனால் போன மாதம்வரை படம் எடுத்துக்கொண்டிருந்த கேமரா, அலமாரியில் இருபது வருடம் தூங்கிய ‘புத்தம் புதுசை’விட எவ்வளவோ மேல்.

நேரில் பார்த்து வாங்க முடிந்தால் புது பேட்டரி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள், டி2-வுக்கு சிஆர்123ஏ. ஆன் செய்து காதருகே வைத்துக் கேளுங்கள். லென்ஸ் ஒரே சீராக வெளியே வர வேண்டும். நறநறவென்றாலோ பாதியில் திணறினாலோ வைத்துவிட்டு வாருங்கள். பின்மூடியைத் திறந்து, வெளிச்சமான ஜன்னலை நோக்கிப் பிடித்து, லென்ஸ் வழியே பார்த்தபடி அழுத்துங்கள். எஃப் 4-இல் பெரிய வட்டம், எஃப் 16-இல் புள்ளி மாதிரித் துளி ஒளிர்ந்து மறைய வேண்டும். அளவு மாறவில்லை என்றால் அப்பர்ச்சர் இறுகிவிட்டது என்று அர்த்தம். செல்போன் டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கம் வைத்து மறு பக்கம் பாருங்கள்: சிலந்தி வலை போலக் கிளை விட்ட கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. பின்மூடி ஓரத்தில் உள்ள கருப்புப் பஞ்சு பிசுபிசுத்தால் பரவாயில்லை, அதை மாற்ற அதிகச் செலவாகாது. ஆன்லைனில் வாங்கினால் ஒரு ரோல் எடுத்துக் கழுவிப் பார்க்கும் அளவுக்காவது திருப்பிக் கொடுக்கும் அவகாசம் தருகிறவரிடம் வாங்குங்கள்.

செலவு கேமராவோடு முடிவதில்லை. ஒரு கலர் ரோல், கழுவுதல், ஸ்கேன் மூன்றையும் சேர்த்தால் நம் ஊரில் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். ஸ்கேன் வந்துவிட்டதே என்று நெகட்டிவை லேபிலேயே விட்டுவிடாதீர்கள். அசல் அதுதான், ஸ்கேன் வெறும் நகல். விமானத்தில் போகும்போது பிலிமைச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. கையில் வைத்திருந்தாலும் புதிய சிடி வகை ஸ்கேனர்கள் ஐஎஸ்ஓ குறைந்த பிலிமையும் மூட்டமாக்கிவிடும். ரோல்களைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில் தனியாகப் போட்டு, கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், அவசரத்தில் இருக்கும் அதிகாரி மறுத்தால் ஒன்றும் செய்வதற்கில்லை.

அப்படியானால் யார்தான் வாங்கலாம்? ஏற்கெனவே பிலிமில் எடுத்துப் பழகி, எஸ்எல்ஆர் கனமாக இருக்கிறதென்று வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறவர் வாங்கலாம். கேமரா ஒரு நாள் உயிரைவிடும், போட்ட பணம் அதோடு போகும் என்பதைச் சிரித்துக்கொண்டே ஏற்கிறவர் என்றால் இன்னும் பொருத்தம். முதல் பிலிம் கேமராவாக இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். 1976 முதல் 1997 வரை பென்டாக்ஸ் விற்ற கே1000 மாதிரி ஒரு மெக்கானிக்கல் எஸ்எல்ஆரும் ஒரு 50 மி.மீ. லென்ஸும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதில் பேட்டரி வெளிச்சம் அளக்க மட்டும்தான். பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் அடிக்கும். பழுதானால் பழைய மெக்கானிக் யாராவது திறந்து பார்ப்பார். சின்னதாகத்தான் வேண்டும், உத்தரவாதமும் வேண்டும் என்றால் 2024-இல் வந்த பென்டாக்ஸ் 17 இருக்கிறது, அறிமுக விலை சுமார் 500 டாலர். ஒரு சட்டத்தில் இரண்டு படம் எடுக்கும் அரைச்சட்டக் கேமரா, 36 ரோலில் 72 படம். போகஸை மலை, ஆள், பூ என்று படம் பார்த்துத் தோராயமாக வைக்க வேண்டும். சோனாரின் அழகு அதில் வராது. பழுதானால் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு கம்பெனி இருக்கிறது என்ற நிம்மதி உண்டு.

டி2-வையே வாங்கிவிட்டீர்கள் என்றால், விலையை நினைத்து அலமாரியில் பூட்டாதீர்கள். பூட்டி வைத்தால் மோட்டார் கிரீஸ் இறுகும், லென்ஸில் பூஞ்சை ஏறும், ஃபிளாஷின் கப்பாசிட்டர் சோம்பிப்போகும். கடலோர ஊர்களில் தோல் உறையில் போட்டு வைப்பது பூஞ்சைக்கு விருந்து வைப்பதுதான். உறையைக் கழற்றி, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் வறுத்துத் திரும்பப் போடலாம், சமையல் வாணலியில் அல்ல. மாதம் ஒரு முறையாவது ஆன் செய்து லென்ஸை வெளியே வரவிட்டு, ஃபிளாஷை இரண்டு தடவை அடித்துவிட்டு மூடுங்கள். பல மாதம் தொடப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். ரோல் உள்ளே இருக்கும்போது கழற்றுவதாக இருந்தால் எத்தனையாவது படம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கேமராவோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள்.